மெட்டும் மட்டமும்: கிற்றாரைச் செப்பனிடுவதிற் கையும் பொறியும்

கைத்தொழில் சிறந்ததோ, பொறித்தொழில் சிறந்ததோ என்னும் வினா நெடுங்காலமாக நிகழ்ந்து வருவதொன்று. நெசவிலும் அச்சிலும் தச்சிலும் இவ்வினா எழுந்தபோதெல்லாம் அதன் விடை பெரும்பாலும் விலையைப் பற்றியதாகவே முடிந்தது. இசைக்கருவிகளைச் செய்யுந் தொழிலிலோ விலையோடு செவியும் சேர்ந்திருந்து தீர்ப்புக் கூறுகின்றது. ஆதலின், கிற்றார் என்னும் கருவியின் மெட்டுகளைச் சமன் செய்யும் வேலையொன்றை மட்டும் எடுத்துக்கொண்டு, அதனைக் கை எவ்வாறு செய்கின்றது, பொறி எவ்வாறு செய்கின்றது, ஒன்றினால் ஆகாதது மற்றொன்றினால் ஆகுமோ என்பவற்றை ஈண்டு ஆராய்வோம். பௌதிகம் பயிலும் மாணவர்க்கும் இசை பயிலும் மாணவர்க்கும் இவ்வாராய்ச்சி ஒருங்கே பயன்படுமென நம்புகின்றோம்.

மெட்டின் இயல்பு

கிற்றாரின் கழுத்தின்மீது விரற்பலகை ஒட்டப்பட்டிருக்கும். இப்பலகைக்கு விரும்பப்படும் மரங்களுள் ஒன்று நம் நாட்டிலும் தென்னிந்தியாவிலும் வளரும் கருங்காலி. பலகையிற் குறுக்கே வாளால் அறுத்த பள்ளங்களில் உலோகக் கம்பிகள் அடித்துப் பதிக்கப்படுகின்றன. இவையே மெட்டுகள். பெரும்பாலும் இவை நிக்கல் வெள்ளி எனப்படும் கலப்பு உலோகத்தால் ஆனவை. பெயரில் வெள்ளி உண்டேயன்றிப் பொருளில் இல்லை; செம்பும் நாகமும் நிக்கலுமே அதன் உறுப்புகள்.

மெட்டு எவ்விடத்தில் நிற்க வேண்டும் என்பது சுரத்தைப் பற்றிய வினா. 1581ஆம் ஆண்டில், வானியலறிஞர் கலிலியோவின் தந்தையாராகிய வின்சென்சோ கலிலி, தந்தியின் நீளத்தைப் பதினெட்டாகப் பகுத்து ஒரு பங்கைக் கழித்தால் அடுத்த மெட்டின் இடம் கிடைக்கும் என்று விதி கூறினார். இவ்விதி எளிது, ஆயினும் முற்றும் சரியானதன்று. 648 மில்லிமீற்றர் நீளமுள்ள தந்தியில் இதனைப் பன்னிருமுறை செய்தால், நடுவில், அதாவது 324 மில்லிமீற்றரில், நிற்க வேண்டிய 12ஆம் மெட்டு ஏறக்குறைய 326.4 மில்லிமீற்றரில் நிற்கும். இன்று பதினெட்டுக்குப் பதிலாக 17.817 என்னும் எண்ணைக் கொள்கின்றனர்.

மெட்டின் உயரம் எவ்வளவு என்பது வேறொரு வினா. அதுவே இக்கட்டுரைக்கு உரியது.

ஒரு சிறு கணக்கு

மேற்கூறிய கிற்றாரில், மெட்டுகளின் தலைகள் யாவும் ஒரே மட்டத்தில் இருக்கின்றன என்றும், தந்தி குதிரையினிடத்தில் அம்மட்டத்துக்கு மேலே 3.6 மில்லிமீற்றர் உயரத்தில் நிற்கின்றது என்றும் கொள்வோம். விரல் தந்தியை 5ஆம் மெட்டில் அழுத்துகின்றது. அம்மெட்டிலிருந்து குதிரை வரை ஏறக்குறைய 485 மில்லிமீற்றர். 6ஆம் மெட்டிலிருந்து 458. இடைவெளி 27 மில்லிமீற்றர். ஒத்த முக்கோணங்களின் விதிப்படி, 6ஆம் மெட்டுக்கு மேலே தந்தி நிற்கும் உயரம் 27ஐ 485ஆல் வகுத்து 3.6ஆற் பெருக்கிய அளவு, அதாவது 0.2 மில்லிமீற்றர்.

மாணவர் இவ்வெண்ணைச் சற்றே எண்ணிப் பார்த்தல் வேண்டும். 6ஆம் மெட்டு 0.1 மில்லிமீற்றர் உயர்ந்திருந்தால் தந்திக்கு உரிய இடத்திற் பாதி பறிபோகின்றது. 0.2 உயர்ந்திருந்தால் தந்தி அதன்மேலேயே கிடக்கும். 5ஆம் மெட்டில் அழுத்தினாலும் 6ஆம் மெட்டின் சுரமே ஒலிக்கும். 5ஆம் மெட்டு தாழ்ந்திருப்பினும் விளைவு ஏறக்குறைய அதுவே. தாழ்ந்த மெட்டு தன்னை அடுத்ததை உயர்ந்ததாக்கி விடுகின்றது. இடைவெளி போதாதவிடத்துத் தந்தி அதிரும்போது உலோகத்தில் உரசி, இரைச்சல் பிறக்கின்றது. பழகும் மாணவன் தன் விரலைக் குறை கூறுவான். பிழையோ மயிரிழையளவு உலோகத்தில் இருக்கும்.

குதிரையை உயர்த்தினால் இரைச்சல் நீங்கும் என்பது உண்மையே. ஆயின் தந்தி பலகையினின்று விலகி, அழுத்துவதற்கு மிக்க வலிமை வேண்டும். அழுத்தும்போது தந்தி இழுபட்டுச் சுரமும் ஏறும். எனவே மெட்டுகளைச் சமன் செய்தலே உற்ற பரிகாரமாகும்.

கையின் முறை

கைவினைஞன் முதலில் தந்திகளைக் கழற்றுவான். கழுத்தினுள்ளே ஓடும் எஃகுக் கம்பியைத் திருகி, கழுத்தை நேராக்குவான். கிப்சன் தொழிற்சாலையைச் சேர்ந்த தடியஸ் மக்ஹியூ 1923ஆம் ஆண்டிற் காப்புரிமை பெற்ற அமைப்பு இது. பின்னர், மூன்று மெட்டுகளை மட்டும் தொடும் நேரிய எஃகுத் துண்டொன்றை அவற்றின்மேல் வைத்து அசைப்பான். துண்டு ஊஞ்சல்போல் ஆடினால் நடு மெட்டு உயர்ந்தது என்பது தெளிவு.

அடுத்து, மரத்தின்மேல் ஒட்டுத்தாள் ஒட்டி, ஒவ்வொரு மெட்டின் தலையிலும் மை தீட்டுவான். வளையாத நீண்ட சமன்கோலின் அடியில் அரத்தாளை ஒட்டி, தந்திகள் செல்லும் வழியே மெல்லத் தேய்ப்பான். உயர்ந்த மெட்டுகளில் மை முதலில் அழியும்; தாழ்ந்தவற்றில் நிற்கும். எல்லாவற்றிலும் மை அழிந்த நொடியிற் கையை நிறுத்துவான். அதற்கு மேலே தேய்ப்பது வீண் இழப்பு.

இப்போது மெட்டுகளின் தலை தட்டையாகிவிட்டது. தட்டையான தலை இன்னொரு தீங்கு செய்யும். தந்தி மெட்டின் நடுவிலிருந்து அதிராமல், குதிரைப் பக்கத்து விளிம்பிலிருந்து அதிரும். தட்டை 2 மில்லிமீற்றர் அகலமாயின் தந்தி 1 மில்லிமீற்றர் குறுகுகின்றது. 12ஆம் மெட்டில் அது அரைச்சுரத்தின் இருபதில் ஒரு பங்கு அளவுக்குச் சுரத்தை ஏற்றும். ஆகவே, குழிந்த வாயுள்ள அரத்தால் இரு பக்கமும் அராவி, தலையை மீண்டும் வளைவாக்குவான். மீண்டும் மை தீட்டி, உச்சியில் மெல்லிய கோடளவு மை எஞ்சும்வரை அராவுவதே இதில் முறை. ஈற்றில் நுண்ணிய அரத்தாள்களால் ஒன்றன்பின் ஒன்றாக மெருகிடுவான்.

இம்முறையில் ஒரு பெருங் குறையுண்டு. உருக்குத் தந்தி பூண்ட கிற்றாரின் ஆறு தந்திகளும் சேர்ந்து ஏறக்குறைய 70 கிலோகிராம் பாரத்தின் இழுவையைக் கழுத்தின்மீது செலுத்துகின்றன. தேய்க்கும்போது அவ்விழுவை இல்லை. இழுவையற்ற நிலையில் நேராக இருந்த கழுத்து, தந்தி பூட்டியபின் ஒரே சீராக வளையுமென்பதற்கு உறுதியில்லை. மரம் ஓரிடத்தில் மெலிந்தும் ஓரிடத்தில் வலிந்தும் இருத்தல் இயல்பு. அனுபவம் மிக்க கைவினைஞன் இதனை முன்னரே உய்த்துணர்ந்து தேய்ப்பான். மற்றவன் நல்ல வேலை செய்தும் தீய பயன் பெறுவான்.

பொறியின் முறை

இக்குறையைத் தீர்க்கும் பொருட்டு 20ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஜேர்மனியின் பேர்லின் நகரில் உருவானதே பிளெக் என்னும் பொறி. கணினியால் இயங்கும் இப்பொறி, தந்திகள் முழு இழுவையில் இருக்கும்போதே கழுத்தின் வளைவையும் ஒவ்வொரு மெட்டின் உயரத்தையும் அளந்து வரைபடமாகக் காட்டுகின்றது. அளவு மில்லிமீற்றரின் நூற்றிலொரு பங்குவரை நுணுகிச் செல்லும். எந்த மெட்டில் எவ்வளவு உலோகத்தை அகற்றினாற் போதும் என்று கணித்து, தந்திகளை நீக்கியபின் சுழலும் கருவியால் அவ்வளவை மட்டும் அகற்றுகின்றது. தலையை வளைவாக்கியும் விடுகின்றது. பின்னர் மறுமுறை அளந்து, செய்த வேலையைத் தானே சோதிக்கலாம். கிப்சன் முதலிய பெருந் தொழிற்சாலைகள் இதனைக் கையாளுகின்றன.

இதன் நன்மை விரைவு மட்டுமன்று, சிக்கனமுமாம். மெட்டின் முழு உயரமே ஏறக்குறைய 1.2 மில்லிமீற்றர். அராவிய உலோகம் மீண்டும் வளராது. சில முறை தேய்த்தபின் மெட்டுகளைப் பிடுங்கிப் புதியன பதிக்க நேரும். ஆதலின் குறைவாகத் தேய்ப்பவனே கருவியின் ஆயுளைக் காப்பவன். இவ்வகையிற் பொறி கைக்கு மேம்பட்டதென்பதை ஒப்புக்கொள்ளல் நேர்மையாகும்.

ஆயினும் பொறிக்கு எட்டாதவையும் உள. பள்ளத்தில் இறுகப் பதியாது தளர்ந்து நிற்கும் மெட்டொன்று அளக்கும்போது உயர்ந்ததாகத் தோன்றும். விரல் அழுத்தினால் தாழும். அதனை முதலில் கண்டு பதிப்பதும் பசையிட்டு இறுக்குவதும் கையின் கடன். ஒரு மெட்டு மட்டும் மிகத் தாழ்ந்திருந்தால், அதற்காக மற்றெல்லா மெட்டுகளையும் தேய்த்துத் தாழ்த்துவதா, அந்த ஒன்றை மட்டும் மாற்றுவதா என்று துணிய வேண்டும். வன்மையாக மீட்டுபவனுக்குத் தந்தி அதிர மிக்க இடம் வேண்டும். மென்மையாக மீட்டுபவனுக்குக் குறைந்த இடமே போதும். இவனுக்கு ஏற்ற வளைவு அவனுக்கு ஏலாது. பொறி கேட்ட வளைவை வழுவாது தரும். எந்த வளைவைக் கேட்பது என்று தீர்மானிப்பவன் மனிதனே.

வீணை தரும் பாடம்

நம்மவர்க்கு இவ்விடயம் புதிதன்று. தஞ்சையை ஆண்ட இரகுநாத நாயக்கர் காலத்தில், 17ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில், வீணைக்கு 24 மெட்டுகள் நிலையாக அமைந்தன என்பது மரபு. இம்மெட்டுகள் மரத்திற் பதிக்கப்படுவனவல்ல, கருமெழுகின்மேல் நிறுத்தப்படுவன. மேளம் கட்டுபவர் மெழுகை இளக்கி, மெட்டை நகர்த்தி, தந்தியை மீட்டிச் செவியாற் கேட்டு, சுரம் பொருந்திய இடத்தில் நிறுத்துகின்றார். அடுத்த மெட்டில் தந்தி உரசாதவாறு உயரத்தையும் அப்போதே சீர்செய்கின்றார். இடமும் உயரமும் ஒரே வேலையாகி விடுகின்றன. பிழை நேர்ந்தால் மெழுகை மீண்டும் இளக்கலாம்; உலோகம் நட்டமாவதில்லை. ஆனால் மெழுகு வெப்பத்தாலும் காலத்தாலும் நெகிழும். மேளம் மறுபடியும் கட்டப்படல் வேண்டும்.

கிற்றார் உறுதியை வேண்டித் திருத்தும் வசதியை இழந்தது. வீணை திருத்தும் வசதியை வேண்டி உறுதியை இழந்தது. உறுதியான பொருளைத் திருத்துவதற்கு நுண்ணளவு இன்றியமையாதது. அதனாலேயே அளக்கும் பொறி கிற்றாருக்குப் பிறந்தது.

முடிபு

செவியுணர்வுக்கும் கணக்குக்கும் பகையில்லை. விஞ்ஞானங் கற்றுக் கற்பித்தவராகிய சுவாமி விபுலானந்தர் 1947ஆம் ஆண்டில் வெளியிட்ட யாழ் நூலில், பழந்தமிழ் இசையைக் கணிதத்தின் துணைகொண்டு ஆராய்ந்தமை இதற்குச் சான்று. கையால் செய்தது என்பதனாலேயே ஒரு வேலை உயர்ந்ததாகாது. பொறியாற் செய்தது என்பதனாலேயே தாழ்ந்ததுமாகாது. தந்தி தடையின்றி அதிர்கின்றதா, உலோகம் வீணாகாது எஞ்சியுள்ளதா என்னும் இரண்டுமே உரைகற்கள்.

ஆயினும் ஓர் எச்சரிக்கை கூறுதல் கடமையாகும். விலை மிக்க இப்பொறி எல்லா ஊரிலும் இருத்தல் அரிது. சமன்கோலும் அரமும் மையும் சில நூறு மணிநேரப் பயிற்சியும் எவ்வூரிலும் கிடைக்கக்கூடியவை. பொறி வந்துவிட்டதென்று கைப்பயிற்சியைக் கைவிடும் ஊரில், பொறி பழுதுபட்ட நாளில் கருவிகளும் ஊமையாகும். அன்றியும், தளர்ந்த மெட்டு எதுவெனக் கையால் அறியாதவன், பொறி காட்டும் வரைபடத்தையும் பிழைபடவே படிப்பான். ஆதலின் எம் மாணவர், முதலிற் கையால் ஒரு முறை செய்து பழகுக. பின்னர்ப் பொறியின் அளவைக் கொண்டு தம் கையின் பிழையை அறிக. இவ்வொழுங்கிற் கற்றவர்க்குப் பொறி நல்ல துணையாக அமையும்.