காரிலுள்ள பாட்டுப் பெட்டியைக் காக்க

மணவாள நகரில் காரை நிறுத்திவிட்டுத் திருவள்ளூர் நிலையத்தில் மின்சார ரயிலேறிச் சென்னைக்கு உத்தியோகத்துக்குச் செல்வோரின் வாகனம் இரவு வரை ஆளின்றி நிற்பதாலும், அமாவாசைதோறும் வீரராகவப் பெருமாள் தரிசனத்துக்கு வந்திறங்கும் ஜனத்திரளில் பக்தர் யார், கள்வர் யார் என்று பிரித்தறிய இயலாமையாலும், ஸ்டீரியோவின் விஷயத்தில் சற்று முன்யோசனை அவசியமாகிறது.

அதன் முகப்புப் பலகை கழற்றத்தக்கதாயின், கழற்றிக் கையோடு கொண்டுபோவதே உத்தமம். டேஷ்போர்டு அறைக்குள் வைத்துச் செல்வது, வீட்டைப் பூட்டிச் சாவியை வாசற்படியில் வைப்பதற்குச் சமானம். பேட்டரி இணைப்பு அறுபட்டால் ரகசிய எண் கேட்கும் கருவியானால், திருடியவனுக்கு அது வெறும் தகரப் பெட்டிதான். ஆனால் அந்த எண்ணை வீட்டில் பத்திரப்படுத்தாவிடில், பேட்டரி மாற்றும் தினத்தில் உரிமையாளருக்கும் அதே கதி நேரும். டிக்கியிலுள்ள ஆம்ப்ளிஃபயரையும் சப்-ஊஃபரையும் போல்ட் போட்டு இறுக்கிக் கறுப்புத் துணியால் மூடுக.

பிற்பாடு கடையில் வாங்கிப் பொருத்திய கருவியை, சீரியல் எண்ணுடன் கூடிய ரசீதைக் காட்டி, இன்ஷூரன்ஸ் பாலிசியில் சேர்த்துத் தனிப் பிரீமியம் கட்டினாலன்றி நஷ்டஈட்டை எதிர்பார்ப்பதற்கில்லை. மூன்றாம் நபர் பாலிசி மட்டும் வைத்திருப்பவருக்கு அதுவுமில்லை.

களவு போய்விட்டதானால், கண்ணாடிச் சில்லுகளைத் தொடாமல் படமெடுத்துக்கொண்டு, 112-ஐ அழைத்துப் புகார் கொடுத்து, முதல் தகவல் அறிக்கையின் நகலைத் தவறாமல் பெறுக.