மண்ணுக்குள் தண்ணீர் எப்படி நடக்கிறது?



சாமல்பட்டி பக்கம் குழுக் கூட்டத்தில் "போர் போடணும், கடன் வேணும்" என்று அடிக்கடி கேட்கிறோம். நம்ம பூமி கெட்டிப் பாறை. மேலே நைந்த பாறையிலும் கீழே வெடிப்புகளிலும்தான் தண்ணீர் தங்கும். வெடிப்பு கிடைக்கலேன்னா ஆயிரம் அடி போனாலும் புழுதிதான். தண்ணி வராது, தவணை மட்டும் மாசாமாசம் வரும். அதனால் கடனில்லாமல் வரும் தண்ணீரைப் பற்றி இம்மாதம் படிப்போம்.

மழைக் கணக்கு

ஒரு ஏக்கரில் 25 மி.மீ. மழை பெய்தால் சுமார் 1 லட்சம் லிட்டர். அதாவது 10,000 லிட்டர் லாரி பத்து. நம் மாவட்டத்தில் வருடத்துக்குச் சுமார் 850 மி.மீ. பெய்கிறது. அப்படியானால் ஏக்கருக்கு 340 லாரி! இவ்வளவும் எங்கே போகிறது?

மூன்று வழிகள்

1. ஓடும்: மண் இறுகியிருந்தால் மழை உள்ளே போகாமல் சரிவில் ஓடும். மேல்மண்ணையும் எருவையும் சேர்த்து அள்ளிப் போகும்.

2. இறங்கும்: மண் துகள்களின் இடைவெளி வழியே வேருக்கும், அதற்குக் கீழே கிணற்று ஊற்றுக்கும் போகும். மணலில் சீக்கிரம் இறங்கும், ஆனால் தங்காது. களிமண்ணில் மெதுவாக இறங்கும், நிறையத் தங்கும். மக்கிய எரு போட்டால் செம்மண்ணும் கூடுதலாகப் பிடித்து வைக்கும்.

3. ஏறும்: விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுகிற மாதிரி, ஈரம் மேலே ஏறி வெயிலில் ஆவியாகும். மேல்மண்ணை லேசாகக் கொத்தி விட்டால் அந்தத் திரி அறுந்துபோகும்.

செய்து பார்ப்போம்

அடி, மூடி இரண்டும் வெட்டிய ஒரே அளவு டின் மூன்று எடுங்கள். வண்டித்தடம், உழுத கொல்லை, மரத்தடி ஆகிய மூன்று இடங்களில் நாலு விரல் ஆழம் பதியுங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றி, இறங்க எத்தனை நிமிஷம் ஆகிறது என்று எழுதுங்கள். மெதுவாக இறங்கும் இடத்தில்தான் மழை ஓடிப்போகிறது.

கொல்லையில் செய்ய வேண்டியவை

• சரிவுக்குக் குறுக்கே உழவு, குறுக்கே வரப்பு.
• கோடை மழை விழுந்ததும் ஒரு உழவு.
• கடலைக்கொடி, காய்ந்த இலை, ராகித்தாள் மாட்டுக்குப் போக மிஞ்சியதை மாமரத்தடியில் மூடாக்காகப் போடுதல். தண்டை ஒட்டிப் போடக் கூடாது.
• தாழ்ந்த மூலையில் பண்ணைக்குட்டை.

மகாராஷ்டிரத்தில் ஹிவரே பஜார் என்ற வறண்ட ஊர், மலைச்சரிவில் வரப்பும் பள்ளமும் வெட்டி மழையை நிறுத்தியது. பாசனத்துக்குப் போர் போடுவதில்லை என்று ஊரே கட்டுப்பாடு வைத்தது. பெய்த மழையைக் கணக்கிட்டுத்தான் கிராமசபையில் பயிரை முடிவு செய்தார்கள். அதை முன்னின்று நடத்திய போபட்ராவ் பவாருக்கு 2020-ல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. ஒரு வீடு மட்டும் செய்து இது நடக்கவில்லை, ஊர் சேர்ந்ததால் நடந்தது.

அடுத்த கூட்டத்தில் பேச

1. நம் ஊரில் மழைத்தண்ணீர் எந்த வழியாக வெளியே ஓடுகிறது?
2. உங்கள் டின் சோதனையில் வந்த நிமிஷங்கள் எத்தனை?
3. போர் கடன் கேட்கும் உறுப்பினரிடம், வரப்பு போட்டீர்களா என்று குழு கேட்கலாமா?

முடிவைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதி வையுங்கள்.