வெளிநாட்டுச் சொந்தங்களும் விசேஷத்தில் கலந்துகொள்ள...

வீட்டு விசேஷத்தை நேரலையில் காட்டுவது இப்போது சகஜம். ஆனால் பல வீடுகளில் வெளிநாட்டு அத்தைக்குத் தெரிவதெல்லாம் போட்டோகிராபரின் முதுகுதான். பார்க்க வைப்பது மட்டும் போதாது, அவர்களையும் சடங்கில் சேர்க்க வேண்டும்.

1. லிங்க் அனுப்பும்போது அந்தந்த ஊர் நேரத்தையும் எழுதுங்கள். தை மாதத்தில் முகூர்த்தம் காலை 7.30 என்றால் சிங்கப்பூரில் காலை 10, லண்டனில் அதிகாலை 2, டொரான்டோவில் முந்தின நாள் இரவு 9. தேதி போடாவிட்டால் டொரான்டோக்காரர்கள் தவறவிடுவார்கள்.

2. ஜூம் இலவசக் கணக்கு 40 நிமிடத்தில் நின்றுவிடும். கூகுள் மீட்டில் மூன்று பேரோ அதற்கு மேலோ சேர்ந்தால் 1 மணி நேரம். நீண்ட சடங்குக்கு யூடியூப் நேரலை நல்லது. ஆனால் முதல்முறை அந்த வசதி கிடைக்க 24 மணி நேரம் வரை ஆகலாம். முந்தின வாரமே முடித்துவிடுங்கள். 'அன்லிஸ்டட்' என்று வைத்தால் லிங்க் உள்ளவர்கள் மட்டும் பார்ப்பார்கள். மண்டபத்தில் சினிமாப் பாட்டு ஓடினால் காப்புரிமைக் காரணத்தால் யூடியூப் நேரலையை நிறுத்திவிடக்கூடும். நாகஸ்வரமே போதும்.

3. போனை ஸ்டாண்டில், உட்கார்ந்திருப்பவர்களின் தலைக்கு மேல் உயரத்தில், ஹோமப் புகை வராத பக்கமாக வையுங்கள். பவர் பேங்க் அவசியம். நடுவில் அழைப்பு வந்து கெடுப்பதைக் குறைக்க, வைஃபை இருந்தால் ஏரோபிளேன் மோடில் போட்டுவிட்டு வைஃபையை மட்டும் இயக்குங்கள்.

4. படம் மங்கினாலும் பொறுத்துக்கொள்வார்கள், சத்தம் கேட்காவிட்டால் போய்விடுவார்கள். போனில் உள்ள மைக்கை மேளம் விழுங்கிவிடும். ஒரு காலர் மைக் வாங்கிச் சாஸ்திரிகளின் அங்கவஸ்திரத்தில் மாட்டுங்கள்.

5. இதுதான் முக்கியம். வெளியூர்க்காரர்களுக்கென்றே வீட்டுப் பிள்ளை ஒருவரை ஒதுக்குங்கள்; அன்று அவருக்கு வேறு வேலை கூடாது. வளைகாப்பில் சிங்கப்பூர் அத்தையின் முறை வரும்போது டேப்லெட்டில் அவரை வீடியோ அழைப்பில் இணைத்து, பெண்ணின் முகத்துக்கு நேரே பிடிக்கட்டும். அத்தை அங்கிருந்து பேசி வாழ்த்த, அவர் பேரைச் சொல்லி இங்கே ஒருவர் சந்தனம் பூசி வளையல் அடுக்கட்டும். எந்த நிறம் என்று அத்தையிடமே கேளுங்கள். பெண் கையை ஆட்டிக் காட்டும்போது அந்தப் பக்கத்திலிருந்து வரும் குரலைக் கூடத்தில் எல்லோரும் கேட்க வேண்டும். டேப்லெட்டை ஒரு ஸ்பீக்கரோடு இணைத்துவிடுங்கள்.

6. அறுபதாம் கல்யாணமா? பழைய ஆல்பத்துப் படங்களைப் போனில் பிடித்து, கஹூட் செயலியில் வினாடி வினா தயாரியுங்கள். 'குடை பிடித்து நிற்பது யார்?', 'இந்த வீடு எந்தத் தெருவில் இருந்தது?' போன்ற கேள்விகள் போதும். ஒரு பெரியவர், ஒரு பேரப்பிள்ளை, ஒரு போன் என்று ஜோடி சேருங்கள். பதில் பெரியவருக்குத் தெரியும், பட்டனைப் பிள்ளை அழுத்தும். வெளிநாட்டில் இருப்பவர்களும் கேள்வித் திரையை வீடியோவில் பார்த்துக்கொண்டே ஆடலாம். இலவசக் கணக்கில் எத்தனை பேர் சேரலாம் என்பதற்கு வரம்பு உண்டு, அதற்கும் இந்த ஜோடி முறை கைகொடுக்கும்.

7. நேரில் வருபவர்களின் சாப்பாட்டுக் கணக்குக்கு வாட்ஸ்அப் குரூப்பில் 'போல்' போடுங்கள்: காலை டிபன், மதியச் சாப்பாடு, இரண்டும். பெரியவர்களுக்கு மட்டும் போன் செய்துதான் கேட்க வேண்டும்.

8. கூகுள் போட்டோஸில் பொது ஆல்பம் திறந்து, அதன் க்யூஆர் கோடை அச்சடித்துக் கை கழுவும் இடத்தருகே ஒட்டுங்கள். வந்தவர்கள் எடுத்த படங்கள் அன்றைக்கே சேர்ந்துவிடும். இலவச இடம் ஜிமெயிலோடு சேர்த்து 15 ஜிபிதான், முன்பே பழையதை அழித்து வையுங்கள். விசேஷம் முடிந்த வாரத்தில் லிங்க் பகிர்வை நிறுத்திவிடுங்கள்; குழந்தைகளின் படங்கள் இருக்கும்.