மாந்தோப்பைப் பிள்ளைகளுக்கு எழுதும் முன்

பெரியகுளத்தில் உங்கள் தோப்புப் பட்டா இன்னும் தாத்தா பெயரிலேயே இருக்கிறதா? முதலில் வில்லங்கச் சான்று போட்டுப் பாருங்கள். வாரிசுச் சான்றிதழோடு பட்டா மாறுதலுக்கு மனுக் கொடுங்கள்.

சொந்தச் சம்பாத்தியத்தில் வாங்கிய நிலத்தை விருப்பம்போல் உயில் எழுதலாம். பூர்வீக நிலத்தில் உங்கள் பங்கை மட்டுமே எழுத முடியும். இந்துக் குடும்பங்களில் அதில் மகளுக்கும் சமபங்கு உண்டு. தமிழ்நாடு 1989-இலும் மத்திய அரசு 2005-இலும் சட்டத்தைத் திருத்தின; 2020-இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. சீர்செனத்தி செய்தாயிற்று என்று பெண்ணை ஒதுக்குவது அநியாயம், வழக்கும் வரும்.

உயிலுக்குச் சாட்சிகள் இருவர் வேண்டும். பதிவு கட்டாயமில்லை, ஆனாலும் பதிந்துவிடுங்கள். பிறகு மனம் மாறினால் திருத்தலாம். தானசெட்டில்மென்ட்டை அப்படி எளிதில் திரும்பப் பெற முடியாது. ஆகவே வயதான காலத்தில் அவசரப்பட்டு அதில் கையெழுத்துப் போடாதீர்கள்.

பலரும் ஏக்கரைப் பிரித்துவிட்டுக் கிணற்றை மறந்துவிடுகிறார்கள். அண்ணன் தம்பி சண்டை பெரும்பாலும் அங்கேதான் தொடங்குகிறது. தண்ணீர் பாய்ச்சும் முறை யாருக்கு எந்த நாள், மோட்டார் மின் இணைப்பு யார் பெயரில், வண்டிப்பாதை எந்த வரப்போரம், கூட்டுறவுச் சங்கக் கடனை யார் கட்டுவது, காய்ப்புக் குத்தகைக்கு வாங்கிய முன்பணம் யார் கணக்கில் என்பதையெல்லாம் பாகப்பிரிவினைப் பத்திரத்திலேயே எழுதிவிடுங்கள்.