திருகும் இடம் எங்கே?

கேள்வி: என் பழைய பாணி ஸ்ட்ராட்டோகாஸ்டர் கிதாரில் ஏழாவது ஃப்ரெட் பக்கம் கம்பிகள் தூக்கி நிற்கின்றன. ட்ரஸ் ராடைத் திருக இடமே தெரியவில்லையே?

பதில்: இருக்கிறது, நெக்கின் அடிமுனையில், உடலுக்குள் மறைந்திருக்கிறது. 1954-இல் வந்த முதல் ஸ்ட்ராட்டிலேயே அப்படித்தான்.

அவசரப்பட்டுக் கழற்றாதீர்கள், முதலில் அளந்து பாருங்கள். சுருதி சேர்த்தபின், ஒரே கம்பியை முதல் ஃப்ரெட்டிலும் கடைசி ஃப்ரெட்டிலும் அழுத்திப் பிடியுங்கள். ஏழாவது ஃப்ரெட்டுக்கு மேல் 0.25 மி.மீ. வாக்கில் இடைவெளி இருந்தால் நெக்கில் குறையில்லை. பிரிட்ஜில் உயரத்தைக் குறைத்தால் போதும்.

இடைவெளி அதிகமென்றால் கம்பிகளை நன்றாகத் தளர்த்தி, பின்பக்கத்து நான்கு திருகுகளையும் கழற்றி நெக்கை எடுங்கள். அடிமுனையில் கூட்டல் குறி வெட்டிய நட்டு தெரியும். வெட்டில் கச்சிதமாக உட்காரும் ஸ்க்ரூடிரைவரால் வலப்பக்கமாக எட்டில் ஒரு சுற்று, அவ்வளவுதான். அசையாவிட்டால் மல்லுக்கட்டாதீர்கள், கைதேர்ந்தவரிடம் கொடுத்துவிடுங்கள்.

திரும்ப மாட்டும்போதுதான் பலர் கோட்டை விடுகிறார்கள். ஒவ்வொரு திருகையும் முதலில் இடப்பக்கமாக மெல்லச் சுற்றுங்கள். பழைய புரியில் அது 'டிக்'கென்று விழுவதை விரலே சொல்லும். அதன்பிறகு முடுக்குங்கள், இல்லையென்றால் மரத்தில் புதுப்புரி வெட்டி ஓட்டை நைந்துவிடும்.

சுருதி சேர்த்து மறுபடி அளந்து பாருங்கள். இரண்டு மூன்று முறை கழற்றி மாட்ட வேண்டியிருக்கலாம்.