லொறி வேலைக்குப் போகும் பிள்ளையின் பையில் என்ன இருக்க வேண்டும்?



நம் லயங்களிலிருந்து பல பையன்கள் இப்போது தூரப் பயண லொறிகளில் வேலைக்குப் போகிறார்கள். முதலில் கிளீனராக ஏறி, தொழிலைப் பழகி, பிறகு சாரதி அனுமதிப்பத்திரம் எடுத்து டிரைவராவது வழக்கம். நுவரெலியாவில் மரக்கறி ஏற்றினால் தம்புள்ளைக்கும் கொழும்புக்கும் போகும். தேயிலை ஏற்றினால் கொழும்புக் களஞ்சியத்துக்குப் போகும். அங்கே வேறு சரக்குக் கிடைத்தால் அப்படியே யாழ்ப்பாணம், திருகோணமலை என்று வண்டியைத் திருப்பிவிடுவார்கள். மூன்று நாளில் வருகிறேன் என்று சொல்லிப் போனவன் எட்டாம் நாள்தான் வீட்டு வாசலுக்கு வருவான்.

பலபேர் ஒரு சட்டையையும் ஒரு கால்சட்டையையும் பையில் போட்டுக்கொண்டு ஏறிவிடுகிறார்கள். பிறகு சவர்க்காரம் தொடங்கி சாப்பாடு வரைக்கும் முதலாளியிடம் அட்வான்ஸ் வாங்க வேண்டியதாகிறது. மாதக் கடைசியில் கணக்குப் பார்த்தால் கைக்கு வருவது சொற்பம். "இந்த வேலை சரிவராது" என்று திரும்பி வந்துவிடுகிறார்கள். வேலையில் குறை இல்லை, ஆயத்தமில்லாமல் போனதுதான் குறை. ஆகவே பையில் என்ன வைக்க வேண்டும் என்பதை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

1. பத்திரங்கள்

தேசிய அடையாள அட்டை முக்கியம். டிரைவராகப் போகிறவருக்கு சாரதி அனுமதிப்பத்திரமும் வேண்டும். அவர் ஓட்டப் போகும் வண்டி வகைக்கு அது செல்லுமா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். இவற்றை ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு, மழையில் நனையாமல் வைக்கவும். எல்லாவற்றுக்கும் போட்டோ கொப்பி எடுத்து ஒன்றைப் பையிலும் ஒன்றை வீட்டிலும் வைக்கவும். முதலாளி கேட்டால் கொப்பியைக் கொடுங்கள். அடையாள அட்டையை யாரிடமும் அடகாக விட்டு வைக்காதீர்கள்.

வேலைக்குச் சேரும்போதே ஊழியர் சேமலாப நிதி பற்றிக் கேளுங்கள். சம்பளத்தில் உங்கள் பங்கு நூற்றுக்கு 8, முதலாளியின் பங்கு நூற்றுக்கு 12. தோட்டத்தில் பெயர் இருந்தால்தான் ஈ.பி.எப். என்று நினைத்து லொறி வேலையில் அதைக் கேட்காமல் விடுகிறவர்கள் இருக்கிறார்கள். அது உங்கள் உரிமை.

2. உடுப்பும் படுக்கையும்

நுவரெலியா 6,000 அடிக்கு மேலே இருக்கிறது. தம்புள்ளை வெயில் வேறு மாதிரி. ஒரே பயணத்தில் குளிரும் வரும், வேர்வையும் வரும். ஒரு சுவெட்டர், இரண்டு பருத்திச் சட்டை, இரண்டு கால்சட்டை, படுக்க ஒரு சாரம், உள்ளுடுப்பு, துவாய், ஒரு போர்வை போதும். மழைக்கோட்டு கட்டாயம் வேண்டும். கொட்டும் மழையில் இறங்கிப் படங்கு இழுத்துக் கட்டுவது கிளீனரின் வேலைதானே. ரப்பர் செருப்பு குளிக்கப் போக மட்டும். பெடலில் நழுவும் செருப்போடு மலைப்பாதையில் ஓட்டக்கூடாது. சாமான் இறக்கும்போதும் சப்பாத்து காலைக் காப்பாற்றும்.

3. சாப்பாடும் தண்ணியும்

முதல் நாளுக்கு வீட்டுச் சாப்பாடு கட்டிக் கொடுங்கள். கோதுமை மா ரொட்டியும் கட்டைச் சம்பலும் நல்லது. தேங்காய்ச் சம்பல் கீழ்நாட்டுச் சூட்டில் சீக்கிரம் புளித்துவிடும். பிஸ்கட், கடலை, பேரீச்சம்பழம் கொஞ்சம் தனியாக இருக்கட்டும். 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் மழையில் மலைநாட்டுப் பாதைகள் பல இடத்தில் மண்சரிந்து மூடிக் கிடந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். அப்படி வழியில் நின்றுவிட்டால் பக்கத்தில் கடை இருக்குமென்று சொல்ல முடியாது. பெரிய போத்தலில் தண்ணியும், பிளாஸ்கில் சாயத்தண்ணியும் இருக்கட்டும்.

ஒரு விசயம். தேயிலை பக்கத்தில் இருக்கும் வாசனையையெல்லாம் இழுத்துக்கொள்ளும். ஆகவே தேயிலை ஏற்றிய லொறியில் சரக்கோடு கருவாடு, மண்ணெண்ணெய், வாசனைச் சவர்க்காரம் எதையும் வைக்காதீர்கள். ஒரு பொட்டலக் கருவாட்டுக்காக சரக்கைத் திருப்பி அனுப்பினால் வேலை போய்விடும்.

4. மருந்து

பனடோல், ஜீவனி, பிளாஸ்டர், சுத்தமான துணிப்பட்டி, காயம் கழுவும் மருந்து, தைலம் ஆகியவற்றை ஒரு சின்ன டப்பாவில் வைக்கவும். சீனி வருத்தம், பிரசர் உள்ளவர்கள் நாள் கணக்குக்கு மேலே ஐந்து நாளுக்கு அதிகமாக மருந்தும், கிளினிக் கொப்பியும் எடுத்துப் போக வேண்டும். மருந்தை வெயில் படும் கண்ணாடிக்கு முன்னால் வைக்கக்கூடாது.

டெங்கு நுளம்பு பகலில் கடிக்கும். நுளம்புக்குப் பூசும் கிரீம் ஒன்று வாங்குங்கள். காய்ச்சல் வந்தால் பனடோல் தவிர வேறு நோ மாத்திரை போடாமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். டெங்குவாக இருந்தால் மற்ற நோ மாத்திரைகள் இரத்தக் கசிவைக் கூட்டும்.

5. வண்டிக்குரியவை

ஜக், வீல் ஸ்பேனர், மேலதிக டயர், எச்சரிக்கை முக்கோணம் இவை முதலாளி தர வேண்டியவை. ஏறுவதற்கு முன் இருக்கிறதா என்று பார்ப்பது உங்கள் பொறுப்பு. உங்கள் பையில் நல்ல டோர்ச், கையுறை, சின்னக் கத்தி, கொஞ்சம் கயிறு இருக்கட்டும். சில்லுக்கு வைக்கும் கட்டையை மறக்க வேண்டாம். ரம்பொடை, கினிகத்தேனை, கடுகண்ணாவைப் பக்கத்துச் சரிவுகளில் வண்டி நின்றால் முதலில் கட்டைதான்.

6. காசும் போனும்

காசை ஒரே இடத்தில் வைக்காமல் இரண்டாகப் பிரித்து வையுங்கள். அட்வான்ஸ் வாங்கினால் திகதியையும் தொகையையும் ஒரு சின்னக் கொப்பியில் எழுதுங்கள். போனுக்குச் சார்ஜர் வேண்டும். ஆனால் வீட்டு நம்பர், முதலாளி நம்பர் இரண்டையும் தாளில் எழுதி அடையாள அட்டையோடு வைக்கவும். போன் செத்துப்போனால் தாள்தான் பேசும். பொலிசுக்கு 119, இலவச அம்புலன்சுக்கு 1990.

7. எடுத்துப் போகக் கூடாதவை

சாராயம் வேண்டாம். தூக்கம் வராது என்று யாராவது தரும் மாத்திரை, தூள் எதையும் தொடவேண்டாம். வெற்றிலையும் பீடியும் தூக்கத்தைப் போக்காது. தெரியாத ஆள் "இதை அங்கே கொடுத்துவிடு தம்பி" என்று தரும் பார்சலையும் வாங்காதீர்கள். பிடிபட்டால் கையில் வைத்திருந்தவன்தான் பதில் சொல்ல வேண்டும்.

நடுச்சாமம் தாண்டி விடியும் வரைக்கும்தான் கண் அதிகம் சொக்கும். அப்போது பாதுகாப்பான இடத்தில் நிறுத்தி இருபது நிமிசம் தூங்கினாலும் பலன் உண்டு. கிளீனர் தம்பி, டிரைவர் அண்ணனின் கண் சொக்குவதைக் கண்டால் மரியாதை பார்த்துப் பேசாமல் இருக்காதே. "அண்ணன், கொஞ்சம் நிறுத்துவோம்" என்று சொல். அது இரண்டு பேரின் உயிர்.

வீட்டில் செய்ய வேண்டிய பயிற்சி

புறப்படும் முதல் நாள் இரவு பையிலுள்ளதை எல்லாம் பாயில் பரப்பி, அம்மாவோ மனைவியோ பக்கத்திலிருக்க, இந்தக் கேள்விகளைக் கேட்டுப் பாருங்கள்.

அ. பத்திரங்களின் கொப்பி வீட்டில் இருக்கிறதா?
ஆ. லொறியின் நம்பரும் முதலாளியின் நம்பரும் வீட்டாருக்குத் தெரியுமா?
இ. எட்டு நாள் வராவிட்டாலும் மருந்து போதுமா?
ஈ. சம்பளம் எவ்வளவு, எந்தத் திகதியில் என்று பேசியாகிவிட்டதா?

நாலுக்கும் "ஆம்" என்றால் பையைக் கட்டலாம். சேமலாப நிதி விசயத்தில் சந்தேகம் இருந்தால் அடையாள அட்டையோடு நலன்புரி அலுவலகத்துக்கு வாருங்கள். வேலைக்குச் சேருமுன் வந்தால் மிகவும் நல்லது.