ஐம்பது டிகிரி ஆனால் லீவா?

வளைகுடா நாட்டுக்கு வேலைக்குப் போய் இறங்குகிறவருக்கு முதல் வாரத்திலேயே ரூமில் ஒரு கதை சொல்லப்படும். வெயில் 50 டிகிரியைத் தொட்டால் எல்லாருக்கும் லீவு விட வேண்டும் என்று சட்டமாம். அதனால்தான் வானிலைத் துறை எப்போதும் 49இலேயே நிறுத்திக்கொள்கிறதாம். துபாயிலும் இதே கதை, குவைத்திலும் இதே கதை. ஆதாரம் கேட்டால் கம்பெனி வண்டியைக் காட்டுவார்கள்: "நேத்து மத்தியானம் டேஷ்போர்டுல 53 காட்டுச்சு. நியூஸ்ல 47ங்கிறான்!"

அப்படி ஒரு சட்டம் இல்லை, மறைப்பும் இல்லை. குவைத்தின் மித்ரிபாவில் 2016 ஜூலை 21 அன்று 53.9 டிகிரி பதிவானது. உலக வானிலை அமைப்பு அதைச் சோதித்து 2019இல் உறுதி செய்தது. அமீரகத்தின் சுவைஹானில் 2025 மே மாதம் 51.6 டிகிரி என்று அந்நாட்டு வானிலை மையமே அறிவித்தது. டேஷ்போர்டு பொய் சொல்லவில்லை, ஆனால் அது அளப்பது வேறு. வானிலை நிலையத்தின் வெப்பமானி நிழலில், காற்றோட்டமான பெட்டிக்குள் இருக்கிறது. வண்டியின் சென்சார் முன்பக்கம், கொதிக்கும் தார்ச்சாலைக்குச் சற்று மேலே இருக்கிறது. சிக்னலில் நிற்கும்போது ஏறிய எண், வண்டி ஓடத் தொடங்கினால் இறங்குவதைப் பார்க்கலாம்.

வெயிலுக்கான சட்டம் உண்மையில் கடிகாரத்தைப் பார்க்கிறது. அமீரகத்தில் ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை, பகல் 12:30 முதல் 3 மணி வரை நேரடி வெயிலில் வேலை வாங்கக் கூடாது. மீறினால் ஓர் ஆளுக்கு 5,000 திர்ஹம் அபராதம். குவைத்தில் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை காலை 11 முதல் மாலை 4 வரை தடை. கத்தாரில் ஜூன் 1 முதல் செப்டம்பர் 15 வரை காலை 10 முதல் 3:30 வரை. நிறுத்தவே முடியாத வேலைகளுக்குச் சில விலக்குகள் உண்டு. அப்போதும் நிழல், தண்ணீர், முதலுதவி ஆகியவை முதலாளியின் பொறுப்பு. ரூமில் 50 டிகிரிக் கதையைக் கேட்பதைவிட, போன நாட்டின் இந்த மணிக்கணக்கைத் தெரிந்து வைத்துக்கொள்வது எவ்வளவோ மேல்.

கத்தார் 2021இல் இன்னொரு விதியும் சேர்த்தது. அதுதான் இந்த விஷயத்தின் நடு நரம்பு. 'ஈரக்குமிழ்க் கோள வெப்பநிலை' என்ற அளவு 32.1ஐத் தாண்டினால், எந்த நேரமாக இருந்தாலும் வெளிவேலையை நிறுத்த வேண்டும். வெறும் 32தானா என்று சிரிக்க வேண்டாம். வெயிலில் இந்த எண்ணைக் கணக்கிடும்போது 10இல் 7 பங்கு ஈரத்துணி சுற்றிய வெப்பமானிக்கு, அதாவது வியர்வை எவ்வளவு ஆற முடியும் என்பதற்கு. 2 பங்கு வெயிலில் வைத்த கறுப்பு உருண்டைக்கு. எல்லாரும் செல்போனில் பார்த்துப் பயப்படும் சாதாரண வெப்பநிலைக்குக் கிடைப்பது மிச்சம் 1 பங்குதான்.

பாலைவன வெயில் வறண்டது, வியர்க்காது, சென்னைப் புழுக்கத்துக்கு அது எவ்வளவோ தேவலாம் என்பது இங்கேதான் உடைகிறது. உள்நாட்டு ரியாத்துக்கு அது ஓரளவு பொருந்தும். ஆனால் துபாய், அபுதாபி, தோஹா, பஹ்ரைன், தம்மாம் எல்லாமே கடலோரம். ஆழமில்லாத அந்தக் கடல் கோடையில் வெந்நீராகி, ஆவியை ஊர்மேல் தள்ளுகிறது. சவுதியின் தஹ்ரானில் 2003 ஜூலை 8 அன்று காற்றின் வெப்பம் 42 டிகிரி, பனிநிலையோ 35. அதாவது நம் தோலின் சூட்டிலேயே தண்ணீர் துளிர்க்கும் அளவுக்குக் காற்றில் ஈரம். அப்படிப்பட்ட காற்றில் வியர்வை கொட்டும், ஆறாது. உடம்பு தண்ணீரை இழப்பதுதான் மிச்சம், குளிர்ச்சி கிடையாது. மத்தியானம் கடற்காற்று வந்தால் சென்னைக்காரர் சட்டைப் பொத்தானைத் திறந்துவிடுவார். வளைகுடாவில் கடற்காற்று வந்தால் மூக்குக்கண்ணாடியில் ஆவி படியும். வடமேற்கிலிருந்து வீசும் ஷமால் காற்று கண்ணில் மண்ணைப் போட்டாலும் ஈரத்தைத் துடைத்துக்கொண்டு போகும். பழைய ஆட்கள் அதைத் திட்டிக்கொண்டே வரவேற்பார்கள்.

அடுத்தது கொஞ்சம் ஆபத்தான பெருமை. "வேலூர்க்காரனுக்கு வெயிலைப் பத்திப் பாடமா? கத்திரியிலயே கரும்பு வெட்டினவங்க நாங்க." பிறந்த ஊர் உடம்பில் நிரந்தரமாகத் தங்குவதில்லை. வெயிலுக்குப் பழகுவது என்றால் சீக்கிரமே வியர்க்கத் தொடங்குவது, வியர்வையில் உப்பு குறைவது, ரத்தத்தில் நீர்ப்பகுதி கூடுவது. இதற்கு ஒன்றிலிருந்து இரண்டு வாரம் வெயிலில் உழைக்க வேண்டும். சில வாரம் விலகி இருந்தால் அந்தப் பழக்கம் போய்விடும். அமெரிக்கத் தொழில் பாதுகாப்புத் துறையின் கணக்குப்படி, வெளிவேலையில் வெயிலால் நேரும் சாவுகளில் 50 முதல் 70 சதவீதம் வேலையில் சேர்ந்த முதல் சில நாட்களிலேயே நடக்கின்றன. ஆகவே புதியவருக்கு முதல் நாள் முழு வேலையில் 20 சதவீதம், பிறகு நாளுக்கு 20 சதவீதம் கூட்ட வேண்டும் என்பது அங்குள்ள பரிந்துரை. பழைய ஆளாக இருந்தாலும் இடைவெளி விட்டுத் திரும்பினால் முதல் நாள் பாதிதான். பத்து வருஷ அனுபவசாலி இரண்டு மாத லீவில் ஊருக்கு வந்து, மழையில் நனைந்து, ஆகஸ்டில் திரும்பிப் போனால் சைட்டில் அவரும் புதியவரே. இதை எந்த ஃபோர்மேனும் தானாக நினைத்துப் பார்ப்பதில்லை.

வியர்க்கிறவரை பயமில்லை என்பார்கள். தவறு. உழைப்போடு வரும் வெப்பத்தாக்கத்தில் சட்டை தொப்பலாக நனைந்திருக்கும்போதே ஆள் விழலாம். பார்க்க வேண்டியது தோலை அல்ல, பேச்சை. குழறினாலோ, கேட்டதற்குச் சம்பந்தமில்லாமல் பதில் சொன்னாலோ, தள்ளாடினாலோ அது அவசரம். உடம்பு கொதிக்கிறது என்று பாராசிட்டமால் கொடுப்பதில் பயனில்லை; இது கிருமியால் வரும் காய்ச்சல் அல்ல. நிழலுக்கு இழுத்துப் போட்டு, தண்ணீரையும் ஐஸையும் கொட்டிக் குளிர்வித்துக்கொண்டே ஆம்புலன்ஸைக் கூப்பிட வேண்டும். அமீரகத்தில் அதற்கு எண் 998.

குடிப்பதிலும் இரண்டு கட்சி. ஒரு கட்சி தாகம் எடுத்தால் மட்டும் குடிக்கும். இன்னொன்று ஒரே மூச்சில் பாட்டிலைக் கவிழ்த்துவிட்டு வேலைக்குப் போகும். வெயிலில் உழைக்கும்போது 15, 20 நிமிடத்துக்கு ஒரு டம்ளர் என்பதே சரியான வழி. மணிக்கு ஒன்றரை லிட்டருக்கு மேல் போனால் ரத்தத்தில் உப்பு நீர்த்துப்போகும். உப்பு மாத்திரை தேவையில்லை. வேளாவேளைக்குச் சாப்பாடும், கடையில் அட்டைப் பெட்டியில் கிடைக்கும் லபனில் உப்புப் போட்ட மோரும் பெரும்பாலோருக்குப் போதும். சூடான கரக் டீ சூட்டைத் தணிக்கும் என்ற வாதத்தில் கொஞ்சம் உண்மை இருக்கிறது: சூடான பானம் வியர்வையைக் கூட்டும், அது முழுக்க ஆறினால் உடம்பு குளிரும். ஆனால் ஆறுவதற்கு வறண்ட காற்று வேண்டும். ஆகஸ்ட் மாத ஷார்ஜாவில் அதற்கு வழியில்லை. ருசிக்காகக் குடிப்பது வேறு.

இத்தனை வெயிலில் வைட்டமின் டி குறைபாடு வருமா என்று கேட்பவர்கள், அங்கு போய் ரத்தப் பரிசோதனை செய்துகொண்டால் திகைப்பார்கள். ஏசி வீடு, ஏசி கார், ஏசி ஆபீஸ் என்று நாள் ஓடுவதால் குறைபாடு அங்கு மிகச் சாதாரணம்.

குளியலறையில் பச்சைத் தண்ணீர்க் குழாயைத் திறந்தால் கோடையில் வெந்நீர் வரும். தொட்டி மொட்டைமாடியில் இருப்பதே காரணம். ஹீட்டரை அணைத்துவிட்டால் அதன் தொட்டி வீட்டுக்குள் நிழலில் ஆறிக் கிடக்கும். பிறகு வெந்நீர்க் குழாயில்தான் குளிர்ந்த தண்ணீர் வரும். ஏமாற்றுப்பேச்சு போலத் தோன்றும் இந்த ஒன்று நூற்றுக்கு நூறு உண்மை.

வருஷம் முழுக்க வெயில்தான், ஸ்வெட்டர் எதற்கு என்று பெட்டியிலிருந்து எடுத்துப் போட்டுவிட்டுப் போகிறவர்கள் ஜனவரியில் கஷ்டப்படுவார்கள். பாலைவனத்துக்குள் இருக்கும் கேம்ப்களில் இரவு 10 டிகிரிக்குக் கீழே இறங்கும். சவுதியின் தபூக் மலைப்பகுதியில் சில வருஷங்களில் பனியே கொட்டுகிறது. ஸ்வெட்டருக்கு இடம் வேண்டுமென்றால் அம்மா கட்டிக் கொடுத்த கசகசாவை வெளியே எடுக்கலாம். அமீரகத்திலும் சவுதியிலும் அது போதைப்பொருள் கணக்கில் சேரும், குருமாவுக்குத்தான் என்று சொன்னாலும்.